எண்ணி எடுத்து வை



திருமலைக்குப் போய்வந்தவர்கள் வீட்டுச் சுவரில் ஒரு படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் தாடியும் சடையுமாக ஒரு பாவாஜி. எதிரே, சங்கு சக்கரத்தோடு ஏழுமலையான். நடுவில் சொக்கட்டான் விரிப்பு. வடக்கேயிருந்து வந்த ஹாத்திராம் பாவாஜியோடு பெருமாள் பாய்ச்சிகை ஆடுகிற காட்சி அது.

கதையும் தெரிந்திருக்கும். ராத்திரி நடை சாத்தியபிறகு பெருமாள் பாவாஜியின் மடத்துக்கு வருவார், விடிய விடிய ஆடுவார். ஒருநாள் ஆட்டம் முடிந்து போகிற அவசரத்தில் கழுத்து மாலையை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். காலையில் மாலையைக் காணோம் என்று தேடினார்கள். அது பாவாஜியிடம் இருந்தது. திருட்டுப் பட்டம் கட்டி, ஓர் அறையில் அடைத்து, வண்டி நிறையக் கரும்பைப் போட்டு, "உன்னோடு ஆடினது சாமிதான் என்றால் விடிவதற்குள் இத்தனையும் தின்றிருக்க வேண்டும்" என்றார்கள். இரவில் யானை ஒன்று வந்து தின்றுவிட்டுப் போனது. இந்தியில் யானைக்கு ஹாத்தி. அதனால் அவர் ஹாத்திராம் ஆனார். அவர் பெயரால் அமைந்த மடத்தின் மகந்துகள்தான் 1843 முதல் 1933 வரை திருமலைக் கோயிலை நிர்வாகம் செய்தார்கள். 2017இல் கே. ராகவேந்திர ராவ் இயக்கி நாகார்ஜுனா நடித்த 'ஓம் நமோ வேங்கடேசாய' என்ற தெலுங்குப் படமும் இந்தப் பாவாஜியைப் பற்றியதுதான்.

பக்தர்கள் இந்தக் கதையில் பக்தியைப் பார்ப்பார்கள். என் அத்தை பார்த்தது வேறு. "ஆட்டம் முடிஞ்சதும் என்னென்ன கொண்டுவந்தோம்னு எண்ணி எடுத்து வச்சிருந்தா சாமிக்கு இந்த வம்பே வந்திருக்காது" என்பார்.

இன்றைக்கு நான் பேச வந்தது அந்த எண்ணி எடுத்து வைக்கிற கலையைப் பற்றித்தான். ஆடுபலகைகளையும் காய்களையும் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் யாத்திரைக்கும் எடுத்துக்கொண்டு போவதும், போன இடத்தில் விரிப்பதும், ஒன்றும் குறையாமல் திரும்பக் கொண்டுவருவதும் ஒரு கலையா என்றால், கலைதான். அதில் கைதேர்ந்த ஒருவரைச் சின்ன வயதிலிருந்து பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

அத்தை சித்தூரில் வாழ்க்கைப்பட்டவர். 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்துக்குத் தலைநகராக இருந்த ஊர் அது. 1953இல் ஆந்திரத்தோடு போனது. ஆனாலும் வீட்டுக்குள் தமிழும் வாசலில் தெலுங்குமாக வாழ்கிற குடும்பங்கள் அங்கே இன்றும் உண்டு. சித்தூரிலிருந்து திருப்பதிக்கு எழுபது கிலோமீட்டர் போல. சொந்தபந்தத்தில் யாருக்கு மொட்டை, யாருக்குக் கல்யாணம் என்றாலும் ஊர் திருப்பதிதான். அத்தை போகாத விசேஷம் கிடையாது. அவர் போகிற இடத்துக்கெல்லாம் இடுப்பில் இரண்டு சுருக்குப்பையும் போகும். வெற்றிலைக்கு ஒன்று, ஆட்டச் சாமான்களுக்கு ஒன்று.

அந்தப் பையைப் பிரித்துக் காட்டுகிறேன். ஆறு சோழி. பித்தளைத் தாயக்கட்டை ஒரு ஜோடி. எழுபது புளியங்கொட்டை. மூன்று கொட்டைப்பாக்கு. ஐந்து கூழாங்கல். ஒரு துண்டு சாக்பீஸ். இவ்வளவுதான். கால் கிலோ தேறாது.

இதை வைத்துக்கொண்டு எத்தனை ஆட்டம் என்று பாருங்கள். தாயக்கட்டையை உருட்டினால் தாயம். நாலு சோழியை எடுத்து, ஐந்துக்கு ஐந்து கட்டம் கீறினால் சித்தூர்க்காரர்கள் சொல்லும் அஷ்டா சம்மா. நாலு சோழியும் வாய் திறந்து விழுந்தால் நாலு, அது சம்மா. நாலும் குப்புற விழுந்தால் எட்டு, அது அஷ்டா. தெலுங்கில் ஆட்டத்தின் பெயரே அதன் பெரிய எண்கள் இரண்டையும் சொல்லிவிடுகிறது. மூன்று கொட்டைப்பாக்கைப் புலியாக்கி, பதினைந்து புளியங்கொட்டையை ஆடாக்கினால் ஆடு புலி ஆட்டம். எழுபது கொட்டையும் சேர்ந்தால் பல்லாங்குழி. பதினாலு குழிக்கு, குழி ஒன்றுக்கு ஐந்து. பலகை வேண்டாம், பதினாலு வட்டம் போட்டால் போதும். ஐந்து கூழாங்கல்லும் ஐந்தாங்கல்லுக்கு. ஆக, ஐந்து ஆட்டம் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிட்டது.

ஒரே பொருளுக்குப் பல வேலை கொடுப்பதுதான் இந்தக் கலையின் முதல் நுட்பம். அத்தையிடம் புளியங்கொட்டை பல்லாங்குழியில் முத்து, ஆடு புலியில் ஆடு, தாயத்தில் காய். கடையில் வாங்கும் பெட்டியில் இந்தச் சிக்கனம் கிடையாது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனிப் பெட்டி, தனிக் காய், தனிப் பகடை. பெட்டியைத் திறந்தால் பாதிக்குமேல் காற்று. அந்தக் காற்றையும் சேர்த்துத்தான் சுமக்கிறோம்.

பழைய சொக்கட்டானை எடுத்துக்கொள்ளுங்கள். சிலுவை போல நாலு கை, கைக்கு இருபத்துநாலு கட்டம், நாலு நிறத்தில் பதினாறு காய். இத்தனையும் துணியில் தைத்தது. ஆடி முடித்தால் காய்களை நடுவில் குவித்து நாலு மூலையையும் சேர்த்துக் கட்ட வேண்டியதுதான். பலகையே பை ஆகிவிடும். வடக்கே இதற்குப் பச்சீசி என்று பெயர். பச்சீஸ் என்றால் இருபத்தைந்து. இந்த ஆட்டத்தைத் தழுவித்தான் இங்கிலாந்தில் 1896இல் லூடோவுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். கட்டம் குறைந்து, சோழி போய்ப் பகடை வந்து, துணி போய் அட்டை வந்தது. மூட்டையாகக் கப்பலேறிய ஆட்டம் பெட்டியாகத் திரும்பி வந்தது. நாமும் காசு கொடுத்து வாங்கி, அந்தப் பெட்டியை எங்கே வைப்பது என்று ரயிலில் இடம் தேடுகிறோம்.

வெளிநாட்டுக்காரர்களுக்கு இந்த நுட்பம் தெரியாமல் இல்லை. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது மில்டன் பிராட்லி என்ற அச்சக்காரர், படைவீரர்களின் சட்டைப்பைக்குள் அடங்கும்படி சதுரங்கம் முதலான பல ஆட்டங்களை ஒரே சிறு கட்டாகச் செய்து விற்றார். முதுகில் துப்பாக்கியும் மூட்டையும் சுமக்கிறவனுக்குப் பெரிய பெட்டி எதற்கு? தேவை வந்தால் எல்லா ஊர்க்காரனும் அத்தையின் வழிக்குத்தான் வருகிறான்.

இந்தக் கலையில் அடிபடாமல் தேறினவர் யாரும் கிடையாது. நான் பட்ட அடி ஒன்றைச் சொல்கிறேன். அத்தை வீட்டில் மீன் வடிவப் பல்லாங்குழிப் பலகை ஒன்று இருந்தது. புத்தகம் போல மடியும், ஓரத்தில் ஒரு கொக்கி. எனக்குப் பத்து வயது இருக்கும். திருப்பதிக்குப் போகிறோம், பலகையைத்தான் எடுத்துப் போக வேண்டும் என்று அடம்பிடித்தேன். "முத்தைப் பையில போட்டுக்கோ, பலகையை வெறுமையா மடி" என்றார் அத்தை. நான் கேட்கவில்லை. குழிக்குள்ளேயே கொட்டைகளைப் போட்டு மூடி, மேலே பெட்டிகளுக்கு நடுவில் செருகிவிட்டேன். ரயில் பாகாலா நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது ஒரு குலுக்கு. கொக்கி கழன்றது. எழுபது புளியங்கொட்டையும் எங்கள் தலையில் மழையாகக் கொட்டி, பெஞ்சுக்கு அடியில், செருப்புக்குள், ஒருவருடைய தயிர்சாதத் தூக்குக்குள் எல்லாம் போய் விழுந்தது.

பெட்டியில் இருந்த அத்தனை பேரும் குனிந்தார்கள். யாருக்கும் கோபமில்லை. ஒருவர் இந்தப் பக்கம் "இதோ ஒண்ணு" என்கிறார். அந்தப் பக்கம் ஒரு அம்மா தெலுங்கில் "சிந்த பிக்கலு", அதாவது புளியங்கொட்டை, என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே மடியில் சேர்க்கிறார். எண்ணிப் பார்த்தால் அறுபத்தேழு. மூன்று குறைகிறது. அத்தை அலட்டிக்கொள்ளவில்லை. கையில் இருந்த பொட்டலத்திலிருந்து மூன்று வேர்க்கடலையை எடுத்துப் போட்டு ஆட்டத்தை ஆரம்பித்துவிட்டார். பாதி ஆட்டத்தில் எதிர் பெஞ்சுக் குழந்தை அதில் ஒன்றைத் தின்றுவிட்டது. பல்லாங்குழியில் ஒரு குழியில் நாலு முத்து சேர்ந்தால் அதற்குப் பசு என்று பெயர், எடுத்துக்கொள்ளலாம். அன்றைக்கு என் பசுவுக்கு ஒரு கால் போனது. சித்தூர்ப் பக்கத்துப் புங்கனூர் மாடு ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாத குட்டை மாடு. "புங்கனூர்ப் பசுன்னு நினைச்சுக்கோ" என்றார் அத்தை.

அந்த ரயிலில் கற்றதை இன்றைக்கு ஒரு அளவுகோலாகவே வைத்திருக்கிறேன். பயணத்துக்கு ஏற்ற ஆட்டமா என்று பார்க்க மூன்று கேள்வி.

முதல் கேள்வி: ஒரு காய் தொலைந்தால் போகிற வழியிலேயே வேறு ஒன்று கிடைக்குமா? புளியங்கொட்டைக்குக் கிடைக்கும். புலிக்கு ஒரு கல் கிடைக்கும். அச்சடித்த சீட்டு ஒன்று தொலைந்தால் பெட்டி முழுவதும் வீண்.

இரண்டாவது: பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அறியாத மனிதர், காட்பாடிக்கும் சித்தூருக்கும் இடைப்பட்ட நேரத்துக்குள் கற்றுக்கொண்டு சேர்ந்துகொள்ள முடியுமா?

மூன்றாவது: இறங்கும் ஊர் வந்தால், அல்லது "பந்தி போட்டாச்சு" என்று குரல் வந்தால், மனத்தாங்கல் இல்லாமல் பாதியில் விட்டு எழுந்திருக்க முடியுமா?

இந்த மூன்றிலும் தேறாதது கேரம் போர்டு. எனக்கு உயிர்தான், அதற்காகப் பொய் சொல்ல முடியாது. ஆடுகிற பரப்பு மட்டும் பக்கத்துக்கு 74 சென்டிமீட்டர், சட்டம் தனி. பஸ்ஸில் ஏற்றினால் நடத்துநர் அதற்கும் டிக்கெட் கேட்பார். அது வீட்டோடு இருக்க வேண்டிய ஆட்டம்.

இன்றைய இளைஞர்கள் ஆடுகிற வெளிநாட்டு ஆட்டங்களும் இருக்கின்றன. 1995இல் ஜெர்மனியில் கிளாவ்ஸ் டாய்பர் உருவாக்கிய கட்டான் போன்றவை. என் அண்ணன் பிள்ளைகள் பெங்களூரிலிருந்து சித்தூருக்கு வரும்போது காரில் ஏழெட்டுப் பெட்டி வரும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களும் ஒரு கலையைப் பழகிவருகிறார்கள். இரண்டு ஆட்டத்தை ஒரே பெட்டிக்குள் இறக்குகிறார்கள். நிறத்துக்கு ஒரு சிறு பிளாஸ்டிக் உறை. மூடி திறக்காமல் இருக்கச் சுற்றிலும் அகலமான ரப்பர் பட்டை. உள்நாட்டு விமானத்தில் கைப்பைக்கு ஏழு கிலோ என்பதால் பெட்டியை வீட்டில் விட்டு, சீட்டையும் காயையும் மட்டும் எடுத்துப் போகிறார்கள். ஒரே ஒரு தப்புச் செய்தார்கள். மே மாதம் திருப்பதியில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டுப் பெட்டிகளை டிக்கியிலேயே விட்டார்கள். சாயந்திரம் எடுத்துப் பார்த்தால் அட்டைப் பலகை அப்பளம் போல வளைந்திருந்தது. சோழிக்கு இந்தக் கவலை கிடையாது. மாலத்தீவுக் கடலில் பிறந்து, ஒரு காலத்தில் வங்காளம்வரைக்கும் காசாகவே புழங்கிய பொருள் அது. வெயிலும் உப்பும் அதற்குப் பழக்கம்.

ஆனால் சுருக்குப்பைக்கும் குறைகள் உண்டு. பித்தளைத் தாயக்கட்டை ராத்திரியில் சத்திரத்துத் தரையில் உருண்டால் நாலு அறை தள்ளிப் படுத்திருப்பவருக்கும் தூக்கம் போய்விடும். அதற்கு அத்தை முந்தானையை விரித்து அதன்மேல் உருட்டுவார். சாக்பீஸால் கண்ட இடத்தில் கட்டம் போடுவதும் தப்பு. பழைய மண்டபங்களின் கல்தளத்தில் யாரோ ஆட்டக் கட்டம் செதுக்கி வைத்திருப்பதை ஹம்பி போன்ற ஊர்களில் பார்க்கலாம். அதற்காக இன்றைக்குக் கோயில் தளத்தில் நாம் கீறலாம் என்று அர்த்தமில்லை. துணியில் கட்டம் தைத்து வைத்துக்கொள்ளுங்கள். தரிசன வரிசையில் பையை வெளியே எடுக்கவே வேண்டாம். கோவிந்தா போடுகிற இடத்தில் தாயம் கேட்கக் கூடாது.

இந்தப் பை எங்கே பொருந்தும் என்றால், தரிசனத்துக்கு முதல்நாள் ராத்திரிச் சத்திரத்தில். ஒருமுறை திருப்பதியில் ஒரு சத்திரக் கூடத்தில் தங்கியிருந்தோம். அன்று காலைதான் மொட்டை போட்ட குழந்தைகள், தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருக்கிறது. அத்தை துணியை விரித்தார். பக்கத்துப் பாயில் கடப்பைப் பக்கத்துக் குடும்பம். அந்த வீட்டு அக்கா வந்து உட்கார்ந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆடு புலி ஆட்டம். புலி இரண்டு மொழியிலும் புலிதான். ஆடு மட்டும் தெலுங்கில் மேக்க. அத்தை ஒரு கொட்டையைக் காட்டி "ஆடு, ஆடு" என்றார். அந்த அக்கா உடனே காயை நகர்த்திவிட்டார். தெலுங்கிலும் ஆடு என்றால் விளையாடு என்று அர்த்தம். அத்தை காட்டியது ஆட்டை, அந்த அக்கா எடுத்துக்கொண்டது ஆட்டத்தை. இரண்டு பேரும் தப்புப் புரிந்துகொண்டு சரியாக ஆடினார்கள். மூன்று புலியையும் நகரவிடாமல் ஆடுகள் கட்டிவிட்டன. காலையில் பைக்குள் பார்த்தால் எல்லாக் கொட்டையிலும் சின்னச் சின்னச் சந்தன விரல் தடம்.

சித்தூர் மாவட்டத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும்போது வேறொரு சூதாட்டத்தையும் பார்க்கிறோம். சகுனி உருட்ட, தர்மர் நாட்டைத் தோற்பார். "வீட்டில் தாயம் உருட்டாதே, குடி கெடும்" என்று பெரியவர்கள் சொன்னது அந்த ஆட்டத்தை நினைத்துத்தான். பாவாஜியின் ஆட்டத்திலும் காய்கள் அதே காய்கள்தான், ஆனால் பந்தயம் இல்லை, பேச்சுத் துணை இருந்தது. பயணத்துக்கு எடுத்துப் போக வேண்டியது பாவாஜியின் ஆட்டம். காசு வைத்து ஆடினால், பை எவ்வளவு சிறியதானாலும் பாரம்தான்.

இனி, இந்தக் கலையின் பெரிய குறையைச் சொல்லிவிடுகிறேன். கடைப் பெட்டிக்குள் விதி அச்சடித்த தாள் இருக்கும். சுருக்குப்பைக்குள் இருக்காது. தாயம் விழுந்தால்தான் காய் இறங்குமா, ஐந்து விழுந்தாலும் இறங்கலாமா? வெட்டினால் மறு ஆட்டம் உண்டா? வீட்டுக்கு வீடு வேறு. அத்தை இருந்தவரை அவர் வாய்தான் விதிப்புத்தகம். சண்டை வந்தால் அவர் சொன்னது தீர்ப்பு.

அவர் காலமான பிறகு பை என்னிடம் வந்தது. அடுத்த கல்யாணத்துக்கு மறக்காமல் எடுத்துப் போனேன். எண்ணிப் பார்த்தேன், ஆறு சோழி, எழுபது கொட்டை, எல்லாம் சரியாக இருந்தது. விரித்தபிறகுதான் தெரிந்தது, பல்லாங்குழியில் அவர் ஆடும் ஒரு வகை எங்களில் ஒருவருக்கும் முழுசாக ஞாபகமில்லை. காசி என்று ஒரு வார்த்தை மட்டும் மிச்சம். எது காசி, எப்போது காசி, யாருக்கும் தெரியவில்லை. பையை எடுத்துப் போயிருந்தோம், ஆட்டத்தைக் கொண்டுபோகவில்லை.

அதனால்தான் எழுதி வைத்தவர்களை நான் வணங்குகிறேன். மைசூரில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தம் காலத்துப் பலகை ஆட்டங்களைப் படத்தோடு எழுதிவைக்கச் செய்தார். தாமே புதிய ஆட்டங்களையும் உருவாக்கினார். நம் காலத்தில் சென்னையில் வினிதா சித்தார்த்தா 2002இல் தொடங்கிய கிரீடா நிறுவனம் பல்லாங்குழி, பரமபதம், ஆடு புலி எல்லாவற்றையும் விதியோடு சேர்த்துக் கொடுத்துவருகிறது. நம் வீட்டுக்கே உரிய வகையை மட்டும் எந்த நிறுவனமும் எழுதித் தர முடியாது. அதை நாம்தான் எழுத வேண்டும்.

ஆகவே என் மதிப்பீடு இது. ஆட்டங்களைச் சுமந்து செல்லும் கலையில் நம்மவர்கள் எடையைக் குறைப்பதில் முழு மதிப்பெண் வாங்கினார்கள். விதியைக் கைமாற்றுவதில் கோட்டைவிட்டார்கள்.

நேயர்களே, அடுத்தமுறை திருப்பதிக்கோ, ஒரு கல்யாணத்துக்கோ கிளம்பும்போது ஒரு சின்னப் பை போதும். அதில் ஒரு தாளையும் மடித்து வையுங்கள். உங்கள் வீட்டில் எப்படி ஆடுவீர்களோ, பாட்டியையோ அத்தையையோ கேட்டு அப்படியே அதில் எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே எழுதுங்கள். ஆடி முடித்ததும் வீட்டிலேயே சின்னப் பிள்ளை யாரோ, அவரிடம் எண்ணச் சொல்லுங்கள். எங்கள் அத்தையின் கணக்கு எண்பத்தாறு: சோழி ஆறு, கட்டை இரண்டு, கொட்டை எழுபது, பாக்கு மூன்று, கல் ஐந்து. சாக்பீஸ் கணக்கில் சேராது, அது தேய்ந்துகொண்டே இருக்கும்.